உண்டவர் யார்? – கென்ய ஊழற் சொல்லாடலில் தன்மைப் பன்மையும் இனப்பழியும்

ஊழலைச் சுட்ட உண்ணல் வினையைக் கையாளாத மொழி அரிது. தமிழில் ஊர்ப்பணத்தைத் ‘தின்றவன்’ உண்டு, ‘விழுங்கியவன்’ உண்டு, ‘ஏப்பம் விட்டவன்’ உண்டு. நீருக்குள் திரியும் மீன் எப்போது நீர் அருந்துகிறது என்பதை அறிய இயலாதவாறே அரசு அலுவலர் பொருள் கவர்வதும் அறிய இயலாதது என்ற உவமை அர்த்தசாஸ்திரத்தில் இடம்பெறுகிறது. ஆப்பிரிக்க அரசுகளைப் பற்றி 1989இல் நூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் ழான் பிரான்சுவா பயார், கேமரூன் மக்கள் வழக்கிலிருந்து ‘வயிற்றரசியல்’ என்னும் தொடரை எடுத்துத் தம் நூலுக்குத் துணைத்தலைப்பாக்கினார். எனவே கென்யாவில் ‘உண்பதற்கு இது எங்கள் முறை’ என்று சொல்லப்படும்போது அவ்வுருவகத்தை ஆப்பிரிக்காவுக்கே உரிய விந்தையாகக் கொள்வது பொருந்தாது. ஆராய வேண்டுவது வினையை அன்று, அதன் எழுவாயை. உண்டவர் ஒருவரா, பலரா? பலர் எனின், அப்பன்மைக்குள் எவரெவர் அடங்குவர்? இவ்வினாக்களுக்குக் கென்ய அரசியற் பேச்சு அறுபது ஆண்டுகளாக அளித்துவந்த விடைகளை வரலாற்று முறையில் நோக்குவதும், அவற்றைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களும் அவற்றின் வரவும்

சுவாஹிலியில் லஞ்சத்தைக் குறிக்கும் ‘ருஷ்வா’ அரபியிலிருந்து வந்தது. இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் ‘ரிஷ்வத்’ இதன் உடன்பிறப்பு. ஊழல் என்னும் பரந்த பொருளில் வழங்கும் ‘உஃபிசாதி’யும் அரபு வேரினதே. அவ்வேர் இந்தி, உருது மொழிகளுக்குள் ‘ஃபசாத்’ என நுழைந்து கலவரம் என்னும் பொருளைப் பெற்றது. ஒரே வேர் ஒரு கரையில் ஊழலாகவும் மறுகரையில் கலவரமாகவும் தங்கிவிட்டது சொல்வரலாற்றின் தற்செயலே ஆயினும், பின்னர் வரும் செய்திகளை நோக்க அத்தற்செயல் நினைவில் நிற்கத்தக்கது. இனக்குழுவைக் குறிக்கும் ‘கபீலா’வும் அரபுக் கடனே. அதன்முன் ‘உ-’ என்னும் பண்புப்பெயர் முன்னொட்டைச் சேர்த்தால் ‘உகபீலா’ (இனப்பற்று வெறி) கிடைக்கிறது.

தெருவழக்கு இவற்றினும் மென்மையானது. காவலருக்குக் கொடுப்பது ‘சாய்’ (தேநீர்) அல்லது ‘கித்து கிடோகோ’ (சிறிது ஏதோ ஒன்று). 2001இல் எரிக் வைனைனா வெளியிட்ட பாடலொன்று ‘கித்து கிடோகோ நாடு’ எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கி வந்ததிலிருந்து இத்தொடரின் பரவலை உணரலாம். நம் ‘மாமூல்’ போன்றே இவையும் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலான நாணத்தை மறைக்கும் திரைகள். இவற்றில் இனம் நுழைவதில்லை. தேநீர் கேட்கும் காவலர் எந்த இனத்தவராயினும் தேநீரே கேட்கிறார்.

இனம் நுழையும் இடம் ‘குலா’ (உண்) என்னும் வினை. சுவாஹிலி வினைமுற்றில் எழுவாய் முன்னொட்டாக நிற்கும். ‘அமேகுலா’ என்பது ஒருமைப் படர்க்கை. ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ‘வமேகுலா’ அவர்கள் உண்டுவிட்டார்கள். ‘துமேகுலா’ நாங்கள் அல்லது நாம் உண்டுவிட்டோம். செயப்பாட்டில் ‘பெசா ஸிமேலீவா’, அதாவது பணம் உண்ணப்பட்டுவிட்டது. தமிழில் இச்செயப்பாட்டு வினை இயல்பாக ஒலிக்காது. ‘பணம் போய்விட்டது’ என்றே சொல்வோம். ஆயினும் செயப்பாட்டின் பணி இரு மொழியிலும் ஒன்றே: எழுவாய் மறைகிறது. ஓர் ஊழல் வெளிப்பட்ட முதல் நாள்களில் அரசு செயப்பாட்டில் பேசும். வழக்கு மன்றம் ஒருமையில் பேச முற்படும். மேடையோ பன்மையில் பேசத் தொடங்கிவிடும்.

பந்தியும் முறையும்

விடுதலைக்குப்பின் முதல் பதினைந்து ஆண்டுகளில் ‘உண்ணல்’ பழியாக மட்டும் கருதப்பட்டதில்லை. வெள்ளைக் குடியேறிகளின் நிலங்களில் சுமார் பத்து லட்சம் ஏக்கரை வாங்கிக் கென்யர்க்கு வழங்கும் திட்டம் 1962இல் தொடங்கியது. ஏழை உழவர் பெற்றது சிறிது. பணமும் பதவியும் உடையோர் பெற்றது மிகுதி. இதனைக் கண்டித்தவருள் ஒருவர் பில்தாத் காகியா. அவர் கிக்குயு இனத்தவர். காலனியரசு நடத்திய காப்பென்குரியா வழக்கில் ஜோமோ கென்யாட்டாவோடு தண்டிக்கப்பட்டவர். 1965இல் பொதுக்கூட்டமொன்றில் அவரை நேரில் வைத்துக்கொண்டே கென்யாட்டா, உன்னோடு சிறையிருந்தவர்கள் நிலமும் வீடும் சேர்த்துவிட்டார்கள், நீ உனக்கென்று என்ன செய்துகொண்டாய் என்ற கருத்துப்படக் கேட்டார். சேர்த்தல் உழைப்பின் சான்றாகவும் சேர்க்காமை சோம்பலின் சான்றாகவும் அங்கு மாறின. அரசு ஊழியர் தனித்தொழில் நடத்தலாம் என்று நிதேக்வா ஆணையம் 1971இல் இசைவளித்தபோது, அலுவலகத்துக்கும் அங்காடிக்கும் இடைப்பட்ட வேலி சட்டப்படியே அகற்றப்பட்டது.

கவனிக்க வேண்டியது, அன்றைய கண்டனம் வர்க்கத்தின் மொழியில் எழுந்தது என்பதே. 1975 மார்ச்சில் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஜே. எம். கரியுக்கி, தாம் பிறந்த கிக்குயு இனத்தின் செல்வரையே கண்டித்தவர். ‘அவர்கள்’ என்று அவர் சுட்டியது செல்வர் சிலரை. ஆனால் பிளவுப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக் குடியேறிய கிக்குயு உழவரைக் கண்ட பிற இனத்தார்க்கு ‘அவர்கள்’ என்றால் கிக்குயு மக்கள் அனைவரும். ஒரே படர்க்கைப் பன்மை, உள்ளிருந்து ஒலிக்கும்போது சிலரையும் வெளியிலிருந்து ஒலிக்கும்போது எல்லாரையும் சுட்டிற்று.

1978இல் டேனியல் அராப் மோய் பதவியேற்றபின் ‘முறை’ என்னும் கருத்து வலுப்பெற்றது. மோய் கலெஞ்சின் இனத்தவர். ‘கலெஞ்சின்’ என்பது 1940களில் வானொலிப் பேச்சின் வழியாகவும் மாணவர் வட்டத்தின் வழியாகவும் நிலைபெற்ற பெயர். ‘நான் உனக்குச் சொல்கிறேன்’ என்பது அதன் பொருள். நந்தி, கிப்சிகிஸ், துகென் முதலிய நெருங்கிய குழுக்கள் தம்மை ஒரு பெயரால் அழைத்துக்கொள்ள ஓர் உரையாடல் தொடரையே தேர்ந்தன. தொன்மையெனக் கருதப்படும் இனப்பெயர் ஒருவரின் வாழ்நாளுக்குள் பிறந்திருக்கிறது என்பது மொழியியலார்க்குப் புதிதன்று. அப்பெயரின்மேல் பழி சுமத்துவோர்க்கு அது தெரிவதில்லை. மோய் ஆட்சியின் இருபத்து நான்கு ஆண்டுகளும் ‘கலெஞ்சின்கள் உண்ட காலம்’ எனப் பிறரால் சுட்டப்பட்டன. துகென் மேட்டில் ஆடு மேய்த்தவர்க்கு அப்பந்தியில் இலை போடப்படவில்லை.

இங்கு ‘பந்தி’ என்னும் சொல்லைக் கையாண்டது கருதியே. சுவாஹிலியில் ‘ஸாமு யேத்து யா குலா’ என்பதன் ‘ஸாமு’ முறையைக் குறிக்கிறது. ‘உண்பது எங்கள் முறை’ என்ற மொழிபெயர்ப்பு பிழையன்று, எனினும் உயிரற்றது. திருமணக் கூடத்தில் முதற்பந்தி உண்ணும்போது ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னும் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்ட தமிழர்க்கு ‘அடுத்த பந்தி நமது’ என்றால் உடன் விளங்கும். அதிலுள்ள நியாய உணர்வும் விளங்கும்: காத்திருந்தோம், அவர்கள் எழவேண்டும், நாம் அமரவேண்டும். களவைக் களவு என்னாமல் வரிசை என்று காட்டுவதே இத்தொடரின் ஆற்றல். மூலத்திலுள்ள ‘குலா’ இழிவழக்கன்று. எல்லாரும் உண்பதைக் குறிக்கும் பொதுவினை. ‘தின்பது எங்கள் முறை’ என எழுதினால் பேசுபவர் தம்மையே ஏசிக்கொள்வதாகிவிடும். பழிப்போர் வாயில் ‘தின்’ பொருந்தலாம். பந்திக்கு அழைப்போர் வாயில் பொருந்தாது.

1990களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட கோல்டன்பர்க் ஊழலில் இன்னோர் இனப்பெயர் எழுவாய் இடத்துக்கு வந்தது. தங்கமும் வைரமும் ஏற்றுமதி செய்வதாகக் கணக்குக் காட்டி, அம்மதிப்பில் 35 விழுக்காட்டை அரசிடமிருந்து ஊக்கத்தொகையாகப் பெற்ற நிறுவனம் அது. கென்யாவில் வைரச் சுரங்கம் இல்லை. தங்கம் மிகக் குறைவு. நிறுவனத்தை முன்னின்று நடத்திய கமலேஷ் பட்னி இந்திய வம்சாவளியினர். இணை இயக்குநராக இருந்தவரோ உளவுப்பிரிவின் தலைவர். மத்திய வங்கி, கருவூலம் ஆகியவற்றின் கையெழுத்துகள் இன்றி ஒரு ஷில்லிங்கும் வெளியேறியிருக்க இயலாது. ஆயினும் தெருப்பேச்சில் அது ‘முஹிந்தி’ (இந்தியன்) செய்த வேலையாகச் சுருங்கிற்று. 1982 ஆகஸ்டு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது கடைகள் சூறையாடப்பட்ட நினைவு மாறாத நைரோபி இந்தியர்க்கு இச்சுருக்கத்தின் பொருள் நன்கு தெரியும். ஊழலை அம்பலப்படுத்திய டேவிட் முன்யாகேய் மத்திய வங்கியின் இளநிலை அலுவலர். அவர் 1993இல் அரசு இரகசியச் சட்டத்தின்கீழ்க் கைதாகி, வேலையிழந்து, 2006இல் வறுமையில் இறந்தார். தாய் வழியும் தந்தை வழியுமாக இரு இனங்களைச் சேர்ந்த அவரை எந்த மேடையும் ‘நம்மவர்’ என்று உரிமை கொண்டாடவில்லை.

கென்ய இந்தியர் 2017இல் நாட்டின் 44ஆவது இனக்குழுவாக அரசால் அறிவிக்கப்பட்டனர். அறிவிப்புக்கு முன் அவர்கள் எழுவாயாக இருந்த வாக்கியங்கள் பல, பெரும்பாலும் படர்க்கையில்.

‘நாம்’ என்று சொல்லப்பட்ட நாள்

2002 டிசம்பர் தேர்தலில் மோயின் கட்சி தோற்று முவாய் கிபாகி பதவியேற்றபோது, லஞ்சம் கேட்ட காவலரைப் பொதுமக்களே மடக்கிப் பிடித்த செய்திகள் வெளியாயின. 2003 ஜனவரியில் நல்லாட்சிக்கும் ஒழுக்கத்துக்குமான நிரந்தரச் செயலராக ஜான் கிதோங்கோ அமர்த்தப்பட்டார். புதிய கடவுச்சீட்டு முறை, தடயவியல் ஆய்வுக்கூடம் முதலியவற்றுக்காக ‘ஆங்கிலோ லீசிங்’ என்னும் பெயரிலும் அதையொத்த பெயர்களிலும் ஆளில்லா நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டிருந்ததை அவர் துருவினார். விசாரணை முன்னேறியபோது, அந்நிறுவனத்தின் பின்னே இருப்பது ‘நாம்தான்’ என்று ஆட்சியின் உள்வட்டத்தினர் தம்மிடம் தெரிவித்ததாகக் கிதோங்கோ பதிவுசெய்தார். அவருடைய குற்றச்சாட்டை மறுத்த முன்னாள் அமைச்சர் ஒருவர் 2019இல் அவதூறு வழக்கில் வென்றார் என்பதையும் இங்குக் குறித்தாக வேண்டும்.

வழக்கின் மெய்ம்மையை முடிவுசெய்வது மொழியியலின் வேலையன்று. ஆயின் கிதோங்கோ பதிவுசெய்த அந்த ஒரு சொல் நுணுகி நோக்கத்தக்கது. ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் தன்மைப் பன்மை ஒன்றே. கேட்போரை உளப்படுத்துவதா அன்றா என்பதை அம்மொழிகளின் இலக்கணம் சொல்வதில்லை. தமிழிலோ ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு; பழந்தமிழில் ‘யாம்’ வேறு. ‘அது நாங்கள்தான்’ என்றால் ஒப்புதல் வாக்குமூலம். ‘அது நாம்தான்’ என்றால் அழைப்பு. அழைப்புக்குள் ஒளிந்த அச்சுறுத்தல். கேட்பவரும் கிக்குயு, சுற்றியிருந்தோருள் முதன்மையானோர் கிக்குயுவும் அதன் அண்டை இனமாகிய மேருவும். அக்குழு ‘கென்ய மலை மாஃபியா’ எனப் பத்திரிகைகளில் வழங்கப்பட்டது. அச்சூழலில் கிதோங்கோ கேட்டது ‘நாம்’ என்பதையே ஆகும். 2005 பிப்ரவரியில் அவர் லண்டனிலிருந்து பதவி விலகலை அறிவித்தார். ஊரில் அவர்மீது சுமத்தப்பட்ட பழி பொய்யுரைத்தார் என்பதைவிட இனத்தைக் காட்டிக்கொடுத்தார் என்பதாகவே மிகுந்து ஒலித்தது. மிக்கேலா ராங் 2009இல் அவரைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘உண்பது எங்கள் முறை’ என்னும் பொருளுடைய தலைப்பைச் சூட்டினார். அத்தலைப்பைத் தமிழாக்குவோர் ‘எங்கள்’ என்பதா ‘நம்’ என்பதா எனத் தயங்கினால் அத்தயக்கம் நியாயமானதே. வாக்குக் கேட்கும் மேடையில் அது ‘நமது முறை’. பங்கிடும் அறையில் ‘எங்கள் முறை’. பழி வந்து சேரும் நாளில் மீண்டும் ‘நாம்’.

அந்த நாள் 2007 இறுதியில் வந்தது. தேர்தல் பரப்புரையில் ‘நாற்பத்தொன்றுக்கு எதிராக ஒன்று’ என்னும் கணக்கு உலவிற்று. கென்யாவில் நாற்பத்திரண்டு இனங்கள் என்பது அன்றைய வழக்கு. அவற்றுள் ஒன்று உண்கிறது, நாற்பத்தொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது குறிப்பு. ஆங்கிலோ லீசிங் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். 2019 கணக்கெடுப்பில் கிக்குயு மக்கள் 81 லட்சத்தைத் தாண்டினர். இவ்விரு எண்களுக்கும் இடையே ஒரு பன்மை விகுதி மட்டுமே நின்றது. டிசம்பர் 30 அன்று முடிவு அறிவிக்கப்பட்டபின் வன்முறை மூண்டது. 2008 ஜனவரி முதல் நாள் எல்டோரெட் நகருக்கருகே கியம்பாவில், கிக்குயுக் குடும்பங்கள் தஞ்சம் புகுந்திருந்த தேவாலயம் எரிக்கப்பட்டது. இறந்தோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அம்மாத இறுதியில் நைவாஷாவிலும் நகூருவிலும் லுவோ, லுஹியா, கலெஞ்சின் மக்கள் பழிக்குப்பழியாகத் தாக்கப்பட்டனர். வாக்கி ஆணையம் கணக்கிட்ட உயிரிழப்பு 1,133. இடம்பெயர்ந்தோர் அரசின் பிந்தைய கணக்குப்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர். வன்முறைக்கு நிலம், தேர்தல் முறைகேடு, ஏவிவிட்ட தலைவர்கள் எனக் காரணங்கள் பல. ஊழல் ஒன்றே காரணம் என்பது வரலாற்றைத் திரிப்பதாகும். எனினும் எரிக்கப்பட்ட வீடுகளுக்கு உரியோர் ஏன் எரிக்கத்தக்கவராயினர் என்று கேட்டால், ‘அவர்கள் உண்டார்கள்’ என்பது கிடைக்கும் விடைகளுள் ஒன்று.

மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சொற்கள்

‘மடோவாடோவா’ என்பது சுவாஹிலியில் புள்ளிகள், கறைகள் எனப் பொருள்படும் இரட்டைக்கிளவி. பிளவுப் பள்ளத்தாக்கில் அது வேற்றினக் குடியேறிகளைச் சுட்டும் குறிச்சொல். 1991-93 மோதல்களில் சுமார் 1,500 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் மதிப்பிட்டன. அந்நினைவுடையோர்க்கு இச்சொல் வெறும் புள்ளி அன்று. 2022 ஜனவரியில் எல்டோரெட் தேர்தல் கூட்டமொன்றில் செனட்டர் ஒருவர் இதனை ஆண்டு கைதானார். அவ்வாண்டு ஏப்ரலில், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான தேசிய ஒற்றுமை ஆணையம், வெறுப்புச் சொற்கள் எனச் சிலவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டது. பட்டியலில் ‘மடோவாடோவா’வும் இருந்தது, ‘எங்களை எவரும் ஆட்டிவைக்க முடியாது’ எனப் பொருள்படும் ‘ஹதுபங்விங்வி’ என்னும் பரப்புரை முழக்கமும் இருந்தது. முன்னதன் நஞ்சு அதன் வரலாற்றில் உள்ளது. பின்னதில் காணக்கூடியது எதிர்மறை முன்னொட்டும் ‘து’ என்னும் தன்மைப் பன்மையும் சற்றே விளையாட்டும்தான். நீதிமன்றம் பட்டியலை இடைநிறுத்தியதில் வியப்பில்லை. சொல்லைத் தடைசெய்வது எளிது. எழுவாயைத் தடைசெய்ய எந்தச் சட்டமும் இல்லை.

நாளிதழ்களின் தற்காப்பு வேறு வகையானது. ‘ஒரு குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள்’ என்று எழுதி இனப்பெயரை அவை தவிர்க்கும். இந்திய நாளிதழ் வாசகர்க்கும் இவ்வுத்தி பழக்கமானதே. பெயர் மறைகிறது, பன்மை மறைவதில்லை. வாசகர் பெயரைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்கிறார். இத்தகைய செய்திகளைத் தமிழாக்கும்போது ‘பழங்குடி’ என்னும் சொல்லைக் கைவிடுதல் நன்று. பெரிய நகரங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் உடைய எண்பது லட்சம் மக்களை அச்சொல் குறிக்காது. இந்தியச் சட்டத்தில் அதற்குத் தனிப்பொருளும் உண்டு. ‘இனக்குழு’ நிறைவானதன்று, ஆயினும் தீங்கு குறைந்தது.

குற்றஞ்சாட்டப்பட்டோரின் தரப்பிலும் பன்மையே கேடயம். ஆரோர், கிம்வாரெர் அணைத் திட்டங்கள் தொடர்பாக நிதியமைச்சர் ஹென்றி ரோட்டிச் 2019 ஜூலையில் கைதானபோது, கலெஞ்சின் தலைவர்கள் பலர் தம் சமூகமே குறிவைக்கப்படுவதாகக் கூறினர். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு வழக்கை நடத்திய முறையையும் கண்டித்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படவுமில்லை, அணைகள் எழவுமில்லை. ‘வாத்து வேத்து’ (நம் மக்கள்) என்னும் தொடர் இத்தகைய தருணங்களில் தவறாது எழுகிறது. அமைச்சர் ஒருமையில் பெற்ற பதவியைப் பன்மையில் காக்க மக்கள் அழைக்கப்படுகின்றனர்.

2024 ஜூனில் வரி மசோதாவை எதிர்த்துத் தெருவிலிறங்கிய இளைஞர் தம்மைத் தலைவரற்றோர், கட்சியற்றோர், இனமற்றோர் என அறிவித்துக்கொண்டனர். ஜூன் 25 அன்று அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது முன்வைத்த ‘நாம்’, இனப்பெயர் இட்டு நிரப்ப இடந்தராத பன்மையாக இருந்தது. அதன் ஆயுளைப் பற்றிச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

இதற்கிடையே உருவகமே மாறத் தொடங்கியிருந்தது. துணை அதிபர் ரிகாத்தி கசாகுவா 2023இல், அரசு ஒரு நிறுவனத்தைப் போன்றது, வாக்களித்தவர்க்கு அதில் பங்குகள் உண்டு என்னும் பொருள்படப் பேசினார். 2024 அக்டோபரில் அவர் பதவிநீக்கம் செய்யப்பட்டபோது சாட்டப்பட்ட குற்றங்களுள் இப்பேச்சும் ஒன்று. பந்தியில் முறை உண்டு, ஒருவர் எழுந்தால் மற்றவர் அமரலாம். பங்குச் சான்றிதழ் உடையவர் எழவேண்டியதில்லை. இதனை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் ‘பங்குதாரர்’ என எழுதுவர். அகராதிப்படி அது சரி. ஆனால் கசாகுவாவின் மேடைக்கு முன் நின்றோர் கேட்டது வணிகச் சொல்லையன்று, குருதியுறவின் சொல்லை. தமிழில் அதற்கு அருகே நிற்பது ‘பங்காளி’: ஒரே வழியில் பிறந்தவர், சொத்தில் உரிமையுடையவர், பாகப்பிரிவினையில் முதலில் மோதுபவரும் அவரே.